பொதுச்சுவரும் சுண்டெலியும்

வயல் எலியைப் பற்றி நாம் நிறையப் பேசியாகிவிட்டது. வரப்பை ஒடுக்கமாக வெட்டுவது, தஞ்சாவூர்க் கிட்டி வைப்பது, ஆந்தை வந்து உட்காரக் குச்சி நடுவது எல்லாம் நண்பர்களுக்குத் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது வீட்டு எலியைப் பற்றி. அதிலும், ஒரே சுவரை இரண்டு குடும்பம் பங்கு வைத்துக்கொண்டிருக்கிற வீட்டு எலி. விதை நெல்லை வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றும் நம்மில் பலர் இப்படிப்பட்ட வீட்டில்தான் குடியிருக்கிறோம்.

மூன்று வருஷத்துக்கு முன், சித்திரையில் நடந்தது. வைகாசியில் திருத்துறைப்பூண்டி நெல் திருவிழா. அதற்கு முந்தின வருஷம் அங்கே 2 கிலோ தூயமல்லி வாங்கி வந்திருந்தேன். நெல் ஜெயராமன் அய்யா நடத்திக் காட்டிய ஏற்பாடு உங்களுக்குத் தெரியும். 2 கிலோ வாங்கினால் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். ஒற்றை நாற்றாக நட்டு, தையில் அறுத்து, நல்ல கதிராகப் பொறுக்கி அடித்து, அந்த 4 கிலோவைத் தனியாக ஒரு துணிப்பையில் கட்டி விதை அறையில் சுவரோரம் ஆணியில் மாட்டி வைத்தேன். என் நடவுக்கு என்று சாக்கில் இன்னொரு 40 கிலோ.

சித்திரையில் பையை எடுத்தேன். கனமே இல்லை. அடியில் விரல் நுழைகிற மாதிரி ஓர் ஓட்டை. உள்ளே உமி, தரையிலும் உமி. நெல்லை ஒவ்வொன்றாக உரித்து அரிசியைத் தின்றுவிட்டு உமியை எனக்கு விட்டு வைத்திருந்தது. சாக்கைக் கொட்டிப் புடைத்ததில் முழு நெல்லாக 22 கிலோ தேறியது. ஈரத்துணியில் 100 நெல்லை முளைகட்டிப் பார்த்தேன். 61 முளைத்தது. நெல் விதைக்கு 80 முளைக்க வேண்டும் என்பது சான்று விதைக் கணக்கு. குறைந்தால் நம் வயலில் நாம் அடர்த்தியாகத் தெளித்துக்கொள்ளலாம். எலி மூத்திரம் பட்ட, 61 முளைக்கிற நெல்லை விதை என்று சொல்லி இன்னொருத்தர் கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

நான் வங்கியில் 36 வருஷம் வேலை பார்த்தவன். அதில் பாதிக்காலம் வாராக்கடன் வசூலுக்கு ஊர் ஊராகப் போனவன். அந்த வைகாசியில் நானே வாராக்கடன் ஆனேன். பந்தலில் நின்று, "இந்த வருஷம் தர முடியலீங்க, எலி தின்னுடுச்சு" என்று சொன்னபோது, இதே வார்த்தையை என்னிடம் சொன்ன விவசாயிகள் பலர் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களில் சிலரை நான் அன்றைக்கு நம்பவில்லை.

கீழே இரண்டு வீடு, மேலே ஒரே வீடு

எங்கள் வீடு மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறது. தாத்தா கட்டிய ஓட்டு வீடு. 1971-ல் அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது, வாசலிலிருந்து கொல்லை வரை கூடத்துக்கு நடுவே ஒரு சுவர் எழுப்பினார்கள். பாகப்பத்திரத்தில் 'நடுச்சுவர் இரு பாகத்தாருக்கும் பொது' என்று ஒரு வரி இருக்கிறது. வங்கிக்காரன் பாஷையில் சொன்னால் அது கூட்டுக் கணக்கு. ஒருத்தர் கையெழுத்து மட்டும் செல்லாது. ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் அந்தப் பக்கம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

சுவர் எழுப்பினவர்கள் கூரையைத் தொடவில்லை. உத்திரம், சட்டம், ஓடு எல்லாம் பழையபடி ஒரே வீடாகத்தான் இருந்தது. சுவர் அதற்கு அடியில் போய் முட்டி நின்றது. 2017-ல் நான் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபோது அந்தப் பக்கம் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, குடும்பத்தோடு இருந்தார். நல்லபடியாகத்தான் இருந்தோம்.

அடுத்த வருஷம் கஜா வந்தது. 2018 நவம்பர் 16 விடிகாலையில் அடித்த காற்றில் எங்கள் கூரை பாதி பறந்துவிட்டது. தென்னையைப் பறிகொடுத்தவர்களுக்கு முன் இதைப் பெரிதாகச் சொல்லக் கூடாது. இருந்தாலும் கூரை கூரைதானே. அண்ணன் தன் பக்கத்துக்குத் தகர ஷீட் போட்டார். நான் பழைய மாதிரி ஓடே போட்டேன். ஷீட் கொஞ்சம் உயரத்தில் நின்றது, ஓடு தாழ்ந்து நின்றது. நடுவில் சுவர் உச்சிக்கு மேல் நாலு விரல் சந்து விழுந்துவிட்டது. அதை யார் கட்டுவது?

"ஓடு போடுறவன்தான் தம்பி ஓரங்கட்டணும்" என்றார் அண்ணன்.

"ஷீட்டை ஏத்திப் போட்டதால வந்த சந்துதானண்ணே இது" என்றேன் நான்.

கொத்தனார் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுக் கரண்டியைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். 34 அடி நீளத்துக்கு அந்தச் சந்து அப்படியே நின்றது. ஷீட் ஓட்டுக்கு மேல் ஒரு முழம் ஏறியிருந்ததால் மழை உள்ளே வரவில்லை. மழை வந்திருந்தால் மறுநாளே அடைத்திருப்போம். அதற்குப் பிறகு நல்லது கெட்டதுக்குப் போவதோடு சரி, பேச்சு குறைந்துபோய்விட்டது.

செய்து பார்த்து ஏமாந்தவை

விதை போனதும் என் முதல் எண்ணம், எலி அண்ணன் வீட்டிலிருந்துதான் வருகிறது என்பது. அவர்கள் கோழி வளர்க்கிறார்கள், தீவனம் இறைந்து கிடக்கும், மாட்டுக்குத் தவிட்டு மூட்டை வேறு. நம் வீடு சுத்தம் என்று எனக்கு நினைப்பு.

வந்தது எந்த எலி என்று முதலில் பார்க்க வேண்டும். அரிசிக் குருணை அளவில், முனை கூராக, அங்கங்கே சிதறிக் கிடந்தால் சுண்டெலியின் புழுக்கை. அதைப் போல இரண்டு மூன்று மடங்கு பெரிதாக இருந்தால் வீட்டு எலி. கீச்கீச் என்று சத்தம் போட்டுக்கொண்டு, ஒருவித நாற்றத்தோடு, சுவரை ஒட்டிக் குருடு மாதிரி ஓடுவது மூஞ்சூறு. அது எலி இனமே இல்லை. கரப்பானையும் பூச்சியையும் தின்று நமக்கு நல்லது செய்கிறது. அதை அடித்துப் போட்டுவிட்டு எலியைக் கொன்றேன் என்று சொல்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. எங்கள் வீட்டில் வந்தது சுண்டெலி.

நம் ஆட்கள் எதற்கெடுத்தாலும் நொச்சியையும் வேம்பையும் சொல்லுவோம். நானும் மூட்டை இடுக்கெல்லாம் நொச்சி இலையைத் திணித்தேன். வண்டுக்கு அது சரி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. சுண்டெலி அந்தக் காய்ந்த இலையை இழுத்துக்கொண்டு போய்ப் படுக்கையில் சேர்த்துக்கொண்டது. இயற்கை வழி என்பதாலேயே ஒன்று வேலை செய்துவிடாது. இதை நாம் நமக்குள்ளேயே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அடுத்து, மகன் அனுப்பி வைத்த ஒரு மின்கருவி. பிளக்கில் செருகினால் மனுஷக் காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பி எலியை விரட்டும் என்று அட்டையில் போட்டிருந்தது. அந்த ஒலி சுவரைத் தாண்டாது, மூட்டையையும் தாண்டாது. கொஞ்ச நாளில் எலிக்கும் பழகிவிடும். ஒருநாள் காலையில் அந்தக் கருவிக்கு நேர் கீழேயே புழுக்கை கிடந்தது.

பசை அட்டையும் வாங்கினேன். முதல் ராத்திரி ஒட்டியது ஒரு பல்லி, இரண்டாம் ராத்திரி மூஞ்சூற்றுக் குட்டி. தேங்காய் எண்ணெய் விட்டு விட்டு விரலால் நெம்பி எடுத்தேன். பல்லி பிழைத்தது, குட்டி பிழைக்கவில்லை. அத்தோடு அந்த அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டேன்.

சாம்பல் பூனை

இதற்கிடையில் அண்ணன் வீட்டிலும் எலித்தொல்லை அதிகமாகி, அவர் கடையிலிருந்து மருந்துக் கட்டி வாங்கி வந்து சுவர் உச்சியில் அங்கங்கே வைத்திருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை. சொல்லுகிற நிலையில் நாங்கள் இல்லையே.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு சாம்பல் நிறப் பூனை இருந்தது. காலையில் அண்ணி ஊற்றுகிற பால், ராத்திரி என் வீட்டுத் திண்ணை. பாகப்பத்திரத்தில் வராத சொத்து. ஒருநாள் அது எழுந்திருக்காமல் கிடந்தது. ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் கசிந்தது. அண்ணி அதைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் கால்நடை மருத்துவமனைக்குப் போனார்கள். எலி மருந்து என்று மருத்துவர் பார்த்ததுமே சொல்லி வைட்டமின் கே ஊசி போட்டார். நேரம் கடந்துவிட்டது. வரும் வழியிலேயே செத்துப்போனது.

புரோமாடையோலோன் என்கிற இந்த வகை மருந்து ரத்தத்தை உறையவிடாமல் செய்யும். தின்ற எலி அன்றைக்கே சாகாது, மூன்று நாலு நாள் ஆகும். அதுவரை தள்ளாடிக்கொண்டு பகலிலேயே வெளியில் வரும். தள்ளாடுகிற எலியைப் பிடிப்பது பூனைக்கும் ஆந்தைக்கும் பாம்புக்கும் சுலபம். மருந்து அப்படியே அவற்றின் உடம்புக்குள் போகிறது. வயலில் கூகைக்குக் குச்சி நட்டுவிட்டு வீட்டில் இந்தக் கட்டியை வைக்கிறவர் தான் கூப்பிட்ட விருந்தாளிக்குத் தானே விஷம் வைக்கிறார். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையோ இதைவிட மோசம். மனுஷர் கைபட்டு வாய்க்குள் போனால் ஈரலைக் கெடுக்கும், அதற்கு மாற்று மருந்தே கிடையாது. அதை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது.

எலிகளும் செத்தன. ஆனால் எங்கே செத்தன? சுவர் உச்சியிலும் உத்திர இடுக்கிலும். இரண்டு வாரம் இரண்டு வீட்டிலும் சோறு இறங்கவில்லை, அப்படி ஒரு நாற்றம். ஒரு மாதம் கழித்து மறுபடியும் மேலே ஓட்டச் சத்தம் கேட்டது.

பூனை செத்த அன்று நான் அண்ணன் வீட்டு வாசலில் நின்று, "நீங்க வெச்ச விஷந்தான்" என்று சொல்லிவிட்டேன். அண்ணி அழுதுகொண்டிருந்தார்கள். அண்ணன் பதில் சொல்லாமல் உள்ளே எழுந்து போனார். அந்த நேரத்தில் நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

கோலப்பொடி சொன்ன சாட்சி

வங்கியில் கணக்கு இடித்தால், யார் தப்பு என்று பேசுவதற்கு முன் வவுச்சரைப் பார்க்க வேண்டும். அதைப் பிறகுதான் செய்தேன். கல்மாவுக் கோலப்பொடியை (அரிசி மாவு வேண்டாம், தின்றுவிடும்) சலித்து, ராத்திரி படுக்கும் முன் சுவரோரத் தரையிலும், ஏணி போட்டுச் சுவர் உச்சியில் எட்டின மட்டிலும் மெல்லிசாகத் தூவினேன். விடிந்ததும் டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்துப் பார்த்தேன். சின்னச் சின்னக் கால் தடம், நடுவே வால் இழுத்த கோடு. மூன்று நாள் இப்படிப் பார்த்து ஒரு தாளில் படம் போட்டேன்.

தடம் அண்ணன் வீட்டிலிருந்து என் வீட்டுக்கு வரவில்லை. என் விதை அறை மூலையில் தொடங்கி, மின்கம்பிக் குழாயைப் பிடித்து ஏறி, சுவர் உச்சியில் சந்து வழியாக அந்தப் பக்கம் இறங்கியது. அங்கே கோழித் தீவனமும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கின்றன. போய்விட்டு விடியும் முன் திரும்பி வந்திருக்கிறது.

மூலையில் அடுக்கியிருந்த சாக்குகளை நகர்த்தினேன். பின்னால் ஓர் அட்டைப்பெட்டி. அதில் நான் 36 வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வங்கி டைரிகள். பாதியைப் பொடிப்பொடியாகக் கிழித்து மெத்தை போட்டு, அதில் கண் திறக்காத ஏழு குட்டிகள். பக்கத்திலேயே என் தூயமல்லி உமி. எலிக் குடித்தனம் முழுக்க என் வீட்டில், மேய்ச்சல் மட்டும் இரண்டு வீட்டிலும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன், பழக்கதோஷம். ஒரு சுண்டெலி ஒரு நாளைக்கு 3 கிராம் அளவுக்குத் தின்னும். 4 கிலோ நெல்லில் உமி போக 3 கிலோ சொச்சம் அரிசி. மூன்று மாசத்தில் அந்தப் பையை மட்டும் காலி செய்யவே ஒரு டஜன் எலி வேண்டும். சினைக்காலம் மூன்று வாரம், ஓர் ஈட்டுக்கு ஐந்தாறு குட்டி, குட்டி ஒன்றரை இரண்டு மாசத்தில் தாயாகிவிடும். தையில் ஒரு ஜோடி உள்ளே வந்திருந்தால் போதும். வாசலில் நின்று அண்ணனைச் சொன்ன வார்த்தை நெஞ்சில் குத்தியது.

அன்று சாயங்காலம் அவர் திண்ணைக்குப் போனேன்.

"அண்ணே, எலி நம்ம வூட்டுலதான் குடியிருக்கு."

"நம்ம வூடுன்னா எந்த வூடு?"

"என் வூடுண்ணே."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வா, பாப்பம்" என்று எழுந்து வந்தார். கோலப்பொடித் தடத்தை டார்ச் அடித்துக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "பாங்குக்காரன் புத்தி" என்றார். அது சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு பக்கமும் ஒரே நாளில்

இதுதான் முக்கியம், நண்பர்களே. பொதுச்சுவர் வீட்டில் ஒரு பக்கம் மட்டும் அடைப்பது வீண் செலவு. நீங்கள் அடைத்தால் எலி அந்தப் பக்கம் போய் இருக்கும், இடுக்கு தேடித் திரும்பி வரும். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் சந்து போதும். பென்சில் நுழைகிற ஓட்டையில் தலை நுழைந்துவிட்டால் உடம்பும் நுழைந்துவிடும். கண்ணால் பார்த்து 'இதில் போகாது' என்று நினைக்காதீர்கள். நான் ஒரு பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வீட்டையும் சுற்றி வந்தேன். அண்ணன் பேரன் கூடவே சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டு வந்தான். என் பக்கம் 19 இடம், அவர் பக்கம் 23.

வரிசையை மாற்றாமல் செய்ய வேண்டும். முதலில் வெளிப்புறம்: வாசல் கதவின் அடிச்சந்து, குளியலறைத் தண்ணீர் போகும் துவாரம், மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் நுழையும் இடங்கள், ஜன்னல் மூலை. வெளியிலிருந்து புதிதாக வராமல் அடைத்த பிறகு உள்ளே இருப்பதைப் பிடிக்க வேண்டும். பிடித்து முடித்த பிறகுதான் நடுச்சுவர். நடுச்சுவரை முதலிலேயே அடைத்திருந்தால் உள்ளே மாட்டிக்கொண்டது மரத்தையும் மின்கம்பியையும் கடித்து வேறு வழி செய்திருக்கும். எலிக்கு முன்பல் வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கடித்தாக வேண்டும்.

பொறி விஷயத்தில் எல்லாரும் செய்கிற தப்பு, ஒரே ஒரு பொறியை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பது. சுண்டெலி தன் கூட்டை விட்டு நாலைந்து தப்படிக்கு மேல் அதிகம் போகாது. அதனால் நெருக்கி வைக்க வேண்டும். வீட்டுக்கு 6 வீதம் 12 பொறி, பட்டென்று அடிக்கிற கம்பிப் பொறி. சுவரை ஒட்டியே ஓடுகிற பிராணி அது. பொறியின் தீனி வைக்கிற முனை சுவரைத் தொடுகிற மாதிரி, சுவருக்குக் குறுக்கே வைக்க வேண்டும். தீனிக்குச் சுட்ட தேங்காய்ச் சில்லு, சில நாள் வறுத்த நிலக்கடலை. வடை வைத்தால் எறும்பு முந்திக்கொள்கிறது. பெரிய வீட்டு எலி புதுச் சாமானைக் கண்டால் பல நாள் ஒதுங்கிப் போகும், அதற்குப் பொறியை விசை ஏற்றாமல் சில நாள் பழக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். சுண்டெலி அப்படியில்லை, புதிது எது கண்டாலும் மோந்து பார்க்க வரும். முதல் மூன்று ராத்திரியிலேயே இரண்டு வீட்டிலும் சேர்த்து 18. பதினொரு நாளில் 31. பிறகு நாலு நாள் ஒன்றும் விழவில்லை, கோலப்பொடியிலும் தடமில்லை.

கூண்டில் உயிரோடு பிடித்து வாய்க்கால் கரையில் விடலாமே என்று சில நண்பர்கள் கேட்பார்கள். விட்டால் அது அடுத்தவர் வீட்டுக்கோ களத்துக்கோதான் போகும். கூண்டோடு தண்ணீரில் அமுக்குவதையும் பார்த்திருக்கிறேன், அது பெரும் பாவம். கொல்ல வேண்டியிருந்தால் ஒரு நொடியில் முடிய வேண்டும் என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

புழுக்கையைக் காய்ந்தபடி பெருக்கக் கூடாது, தூசு மூக்கில் ஏறும். எலி மூத்திரத்தால் வருவதுதான் எலிக்காய்ச்சல். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு துடைத்து எடுத்தோம்.

அதன் பிறகு அதே கொத்தனாரைக் கூப்பிட்டோம். இந்தத் தடவை இரண்டு பேரும் சேர்ந்து போய்க் கூப்பிட்டோம். அவர் நம்பாமல், "காசு யாரு தர்றீங்க?" என்று முதலில் கேட்டுக்கொண்டார்.

சுவர் உச்சிக்கு, கால் அங்குலக் கண் உள்ள ஜி.ஐ. கம்பி வலையை ஓர் அடி அகலத்துக்கு வெட்டி, நீளவாக்கில் மடித்து, ஒரு விளிம்பைச் சட்டத்தில் அறைந்து, மறு விளிம்பைச் சுவர் மேல் சாந்தில் புதைத்தோம். 34 அடிக்கும் அப்படியே. வலைக்கு மேல் இரு பக்கமும் பூச்சு. தகர ஷீட் நெளியாக இருப்பதால் ஒவ்வொரு நெளியின் கீழும் ஒரு குகை மாதிரி சந்து இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, எலிக்கு அதுதான் ராஜபாட்டை. அது ஒவ்வொன்றிலும் வலையைச் சுருட்டித் திணித்துச் சாந்து வைத்தோம். ஷீட் போட்ட வீட்டுக்காரர்கள் இன்றைக்கே ஏணி வைத்துப் பாருங்கள்.

உத்திரம் சுவரில் நுழைகிற இடத்தைச் சுற்றி, காலப்போக்கில் மரம் சுருங்கி விரிசல் விட்டிருந்தது. அதில் பாத்திரம் தேய்க்கிற எவர்சில்வர் கம்பிச் சுருளை இறுக்கித் திணித்து மேலே பூசினோம். வெறும் இரும்பு நார் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். சாந்தில் கண்ணாடித் தூள் கலக்கச் சொல்வார்கள். நாளைக்கு அந்தச் சுவரை இடிக்கிற கொத்தனார் கையை நினைத்து நான் வேண்டாம் என்றேன். டப்பாவில் வருகிற நுரை அடைப்பானை எலி ரொட்டி மாதிரி கடித்துவிடும். கதவின் அடியில் தகடு அடித்தோம். தண்ணீர்த் துவாரத்துக்கு வலை.

கொத்தனார், சித்தாள், வலை, சிமெண்ட், தகடு எல்லாம் சேர்த்து 4,860 ரூபாய். ஆளுக்கு 2,430. இந்தப் பணத்துக்காகத்தான் அத்தனை வருஷம் முகம் பார்க்காமல் இருந்தோம்.

விதை வைக்கும் முறையையும் மாற்றினேன். சாக்கும் துணியும் பிளாஸ்டிக் வாளியும் எலிப் பல்லுக்கு முன் நிற்காது. தகர டிரம் வாங்கினேன். ஆனால் சரியாகக் காயாத நெல்லை டிரம்மில் போட்டு இறுக மூடினால் வேர்த்துப் போய் முளைப்பு போய்விடும், எலி தின்றதற்கு அது ஒன்றும் குறைவில்லை. கடித்தால் 'டக்'கென்று உடைகிற பதம் வரும்வரை காய வைத்து, மூடியில் துளை போட்டு அதே கம்பி வலையைப் பற்ற வைத்திருக்கிறேன். டிரம்மைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிச் செங்கல் மேல் வைத்திருக்கிறேன், சுற்றிலும் பெருக்க வழி இருக்க வேண்டும். அறையில் அட்டைப்பெட்டி கிடையாது. மிச்ச டைரிகளை எரித்துவிட்டேன். அண்ணன் கோழித் தீவனத்தை ராத்திரியில் மூடி போட்ட தகர டின்னில் வைக்கிறார்.

எலியே வருவதில்லை என்று சொல்ல மாட்டேன். ஐப்பசி மழையில் வயலில் தண்ணீர் நின்றால் ஊருக்குள் வரத்தான் செய்யும், கதவு திறந்திருக்கும் நேரத்தில் ஒன்றிரண்டு நுழையும். மாசா மாசம் அமாவாசையன்று அண்ணன் பேரன் ஏணி ஏறி வலையைப் பார்த்துவிட்டு வருகிறான். கீழே நின்று ஏணியைப் பிடிக்கிற வேலை எங்கள் இருவருக்கும். இந்த வருஷம் இதுவரை பொறியில் விழுந்தது 3. போன வைகாசியில் தூயமல்லி 4 கிலோவோடு, தாமதத்துக்கு வட்டி என்று ஒரு கிலோ சேர்த்து 5 கிலோவாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முளைப்பு 93. அண்ணி வேறொரு பூனைக்குட்டி வளர்க்கிறார்கள், ராத்திரி என் திண்ணைக்கு அது இன்னும் வந்து பழகவில்லை.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அண்ணன் வீட்டின் மறுபக்கச் சுவரும் பொதுச்சுவர்தான். அந்த வீட்டுக்காரர் சென்னையில் இருக்கிறார், வீடு பூட்டிக் கிடக்கிறது, உள்ளே பழைய வைக்கோல் இருப்பதாகச் சொல்கிறார்கள். போனில் பேசியதில் பொங்கலுக்கு வருவதாகச் சொன்னார். வலையில் 11 அடி மிச்சம் வைத்திருக்கிறோம்.